பயறுகளின் காட்டு உறவுகள்

பாசிப்பயறு, உளுந்து, துவரை மூன்றும் இந்திய மண்ணிலேயே பயிராக மாறியவை. அவற்றின் காட்டு மூதாதைகள் இன்றும் இந்த நாட்டின் புதர்க்காடுகளிலும் வரப்பு விளிம்புகளிலும் சாலையோரங்களிலும் வளர்கின்றன. பற்றிப் படரும் மெல்லிய கொடி, மிளகைவிடச் சிறிய கருத்த விதை, முற்றியதும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர எறியும் காய், முதல் மழைக்கே எல்லாம் முளைத்துவிடாதபடி காக்கும் கெட்டியான விதைத்தோல் ஆகியவை காட்டுப் பயறின் அடையாளங்கள். உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைக்கென எடுத்துவைத்தவை இதற்கு நேர்மாறான செடிகள். காய் வெடிக்காதது, விதை பெருத்தது, போட்ட வாரத்திலேயே முளைப்பது, நிமிர்ந்து நிற்பது, சமைத்தால் எளிதில் வேகுவது எனப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில் காட்டுச்செடி பயிராயிற்று.

அந்தப் பொறுக்கலுக்கு ஒரு விலை இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த குணங்களுக்காகச் சில செடிகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது, கண்ணுக்குத் தெரியாத குணங்கள் பல அந்தச் சில செடிகளில் இல்லாமல் காட்டோடு நின்றுவிட்டன. பூச்சியை எதிர்க்கும் வேதிப்பொருள், நச்சுயிரியைத் தடுக்கும் மரபணு, உப்பையும் வறட்சியையும் தாங்கும் வேர் போன்றவை அப்படி விடுபட்டவை. பாசிப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு எனப்படும் மசூர் ஆகியவை பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே சூல்கொள்பவை. ஆகவே வயலுக்கு வந்த பிறகு பக்கத்துக் காட்டுச் செடியோடு கலந்து இழந்ததை மீட்டுக்கொள்ளும் வாய்ப்பும் அவற்றுக்குக் குறைவு. நெல்லுக்கும் கோதுமைக்கும் பாசனமும் உரமும் ஆராய்ச்சிப் பணமும் போனபோது பயறு வகைகள் மானாவாரி நிலத்துக்கும் அறுவடைக்குப் பிந்திய ஈரத்துக்கும் ஒதுக்கப்பட்டன. தாங்கும் குணம் அதிகம் வேண்டிய பயிர்களிடமே அந்தக் குணம் குறைந்துகிடப்பது வேளாண்மையின் பெரிய முரண்களில் ஒன்று.

இந்தியப் பயறுகளின் காட்டு உறவுகளை அறிவியல் அறிந்துகொண்ட கதையின் கணிசமான பகுதி வங்காளத்தில் நடந்தது. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா பக்கத்துச் சிப்பூரில், ஹூக்ளி ஆற்றையொட்டி 1787-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு தாவரத் தோட்டம் அமைத்தது. ராபர்ட் கிட் என்ற படை அதிகாரியின் யோசனை அது. 1793-ல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், அதற்கு முன் சென்னை மாகாணத்தில் கம்பெனி மருத்துவராக இருந்து சோழமண்டலக் கரையின் செடிகளை வரையச்செய்தவர். 1813 வரை சிப்பூரில் இருந்து, நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த விதைகளை முளைக்கவைத்து, பூத்த பிறகு விவரித்து, ஓவியம் தீட்டவைத்தார். அவர் பெயரிட்ட செடிகளில் ஒன்று ஃபேசியோலஸ் சப்லொபேட்டஸ். பணம் தரும் மரங்களும் மசாலாச் செடிகளும் முதன்மையாக இருந்த தோட்டத்தில் யாரும் விரும்பி வளர்க்காத ஒரு கொடி அது. இன்று பாசிப்பயறின் காட்டு வடிவமாக அறியப்படுவது அதுதான். அதன் இன்றைய பெயர் விக்னா ரேடியேட்டா வகை சப்லொபேட்டா. ராக்ஸ்பர்க் 1815-ல் இறந்தார். அவருடைய இந்தியத் தாவர நூல் முழுமையாக அச்சேறியது 1832-ல், ஹூக்ளியின் கரையில் சற்று மேலே உள்ள ஸ்ரீராம்பூரில், வில்லியம் கேரியின் முயற்சியால்.

அந்த ஒற்றைப் பெயருக்குள் இரண்டு செடிகள் ஒளிந்திருந்தன என்பது வெகுகாலம் தெரியாமல் இருந்தது. சப்லொபேட்டா என்று சேகரிக்கப்பட்டவற்றில் சில பாசிப்பயறுக்கும் சில உளுந்துக்கும் நெருங்கியவை. உளுந்தின் மூதாதைக்குச் சில்வெஸ்ட்ரிஸ் என்று தனி வகைப் பெயர் கிடைத்தது 1980-ல்தான். துவரையின் கதையும் இப்படியே நீண்டது. பீகார், ஒரிசா பகுதிகளின் தாவரங்களைத் தொகுத்த வன அதிகாரி எச். எச். ஹைன்ஸ், துவரையின் இலையைப் போன்ற இலைகொண்ட ஒரு காட்டுச்செடியைக் கண்டு அந்தச் சாயலையே பெயராக வைத்தார். ஒடிசா, பஸ்தர், வட ஆந்திர மலைப்பகுதிகளில் வளரும் அந்தக் கஜானஸ் கஜானிஃபோலியஸ்தான் துவரையின் நேர் மூதாதை என்று இப்போது பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இடையில் காட்டுத் துவரைகள் எல்லாம் அடைலோசியா என்ற வேறு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. வேறு பேரினம் என்றால் கலப்பு எடுபடாது என்பது பொது நம்பிக்கை. ஆனால் 1970-களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் துவரையை அடைலோசியா இனங்களோடு கலந்து, கலப்புச் செடிகளின் குரோமோசோம்கள் எவ்வளவு ஒத்துப் பிணைகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உறவு நெருக்கமானது என்பது அங்கே தெரிந்தது. 1986-ல் வான் டெர் மேசன் அடைலோசியாவைக் கலைத்து, அவ்வினங்களைத் துவரையின் பேரினத்திலேயே சேர்த்தார்.

சிப்பூரில் இன்றுள்ள மத்திய தேசிய உலர்தாவரக் களஞ்சியத்தில் ஏறத்தாழ 20 லட்சம் மாதிரிகள் உள்ளன. தாளில் ஒட்டிய ஒரு காட்டுப் பயறு மாதிரி எந்த மாவட்டத்தில், எந்த மாதத்தில், எப்படிப்பட்ட நிலத்தில் அது பூத்தது என்பதைச் சொல்லும். பயிர்க் கலப்பு செய்பவருக்கு அது தேடுவதற்கான வழிகாட்டி. விதை கிடைப்பது அந்த இடத்துக்குப் போனால்தான்.

கலப்பின் சாத்தியத்தை அளக்க ஜாக் ஹார்லனும் ஜே. எம். ஜே. டி வெட்டும் 1971-ல் மூன்று வளையங்களை வகுத்தார்கள். பயிரோடு கலந்தால் இயல்பாகக் காய் பிடித்து, வளமான வாரிசு தருபவை முதல் வளையம். கலக்கும், ஆனால் வாரிசில் மலட்டுத்தன்மையும் தடையும் இருக்கும் என்பவை இரண்டாவது. கருவைப் பரிசோதனைக் குழாயில் காப்பாற்றுவது போன்ற உபாயங்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காதவை மூன்றாவது. பாசிப்பயறுக்குச் சப்லொபேட்டா முதல் வளையம். உளுந்தும், வடகிழக்கிலும் இமயமலை அடிவாரத்திலும் விளையும் ரைஸ்பீனும் அதற்கு வெளி வளையங்கள். தமிழகத்தில் தரிசில் படரும் நரிப்பயறும் பாசிப்பயறின் பேரினமான விக்னாவைச் சேர்ந்ததே.

காட்டு உறவைக் கொண்டு பயிரைத் திருத்தலாம் என்பதை இந்தியாவில் முதலில் மெய்ப்பித்தது பயறு அல்ல, கரும்பு. கோயம்புத்தூர் கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் தடித்த கரும்பை நாணலோடு கலந்து பெற்ற கோ 205, 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. துர்க்கை பூஜை நெருங்கும்போது வங்காளத்து ஆற்றுத் திட்டுகளை வெள்ளையாக்கும் காஷ் பூ இந்த நாணல் இனம்தான். அதே நிலையத்தில் கரும்புக் கலப்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள்தான், 1950-களின் தொடக்கத்தில் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையைச் சீரமைக்க அழைக்கப்பட்டார். கரும்பில் அவ்வளவு சீக்கிரம் நடந்தது பயறில் அரை நூற்றாண்டு பிந்தியது. கரும்பைக் கரணை வைத்துப் பெருக்கலாம் என்பதால் ஒரே ஒரு நல்ல கலப்புச் செடி போதும். விதையால் பெருகும் பயறில் நல்ல குணம் பல தலைமுறைக்கு நிலைத்து நின்றால்தான் அது ரகமாகும்.

மஞ்சள் தேமல் நோய் பாசிப்பயறையும் உளுந்தையும் அதிகம் வாட்டுகிறது. இலையில் மஞ்சள் புள்ளிகள் தோன்றி, பரவி, கடைசியில் செடி முழுவதும் மஞ்சளாகும். இளம்பருவத்தில் தாக்கினால் காயே இருக்காது. வெள்ளை ஈ பரப்பும் இந்த நச்சுயிரி நோய் 1950-களில் டெல்லியில் கவனத்துக்கு வந்தது. நோய்க்குக் காரணம் ஒரே நச்சுயிரி அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் ஒன்று மேலோங்கியிருக்கிறது, தெற்கில் வேறொன்று. அதனால் வடக்கே எதிர்த்து நின்ற ரகம் புதுக்கோட்டையில் விழுந்துவிடலாம். மருந்தடித்து வெள்ளை ஈயைக் குறைக்க முடியுமே தவிர நச்சுயிரியைக் கொல்ல முடியாது. ஆகவே எதிர்ப்பு செடிக்குள்ளேயே இருக்கவேண்டும்.

ஜகதீஷ் சந்திர போஸ் 1917-ல் கொல்கத்தாவில் நிறுவிய போஸ் நிறுவனத்தில் அமிதா பால் குழுவினர் இந்த எதிர்ப்பின் மரபணு அடிப்படையைப் பல ஆண்டுகள் தேடினார்கள். நோயை எதிர்க்கும் உளுந்தையும் நோய்க்கு ஆளாகும் உளுந்தையும் கலந்து, அடுத்த தலைமுறைகளில் எதிர்ப்போடு சேர்ந்தே வரும் டி.என்.ஏ. அடையாளங்களைப் பிடித்தார்கள். பின்னர் உளுந்திலிருந்து சி.ஒய்.ஆர்.1 என்ற மரபணுவைப் பிரித்து விவரித்தார்கள். நோய்க்கிருமியின் வருகையை உணர்ந்து செடியின் தற்காப்பைத் தூண்டும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இத்தகைய அடையாளங்களின் பயன் நடைமுறையில் பெரிது. நோய் வராத ஆண்டில் வயலைப் பார்த்து எந்தச் செடி எதிர்ப்புள்ளது என்று சொல்ல முடியாது. நாற்றுப் பருவத்தில் ஓர் இலையைக் கிள்ளிச் சோதித்தால் தெரிந்துவிடும்.

எதிர்ப்பை அண்டை இனங்களிலிருந்து கொண்டுவந்த ரகங்களும் உண்டு. பாசிப்பயறைவிட உளுந்தில் எதிர்ப்பு உறுதியாக இருப்பதால் இரண்டையும் கலந்து பந்த்நகரில் பந்த் மூங் 4 உருவாயிற்று. இந்தக் கலப்பில் பாசிப்பயறு தாயாக இருந்தால்தான் விதை பிடிக்கிறது. உளுந்தைத் தாயாக வைத்தால் பெரும்பாலும் தோல்வி. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் காட்டு உளுந்தான சில்வெஸ்ட்ரிஸையும் கலப்புக்குப் பயன்படுத்தியது. டெல்டாவில் சம்பா அறுவடைக்கு முன்பே நெற்பயிருக்குள் உளுந்தைத் தூவும் உழவருக்கும், நதியா மாவட்டத்தில் அதே முறையில் ‘பைரா’ என்று மசூரைத் தூவும் உழவருக்கும் தேவை ஒன்றுதான். மிச்ச ஈரத்திலேயே சீக்கிரம் முடியவேண்டும், நோய்க்கு இடம்கொடுக்கக் கூடாது.

வயலில் தப்பிய பயறு வீட்டில் அழிவதும் உண்டு. பயறு வண்டு காயின்மேலும் விதையின்மேலும் முட்டையிடும். புழு விதைக்குள் துளைத்துப்போய் உள்ளேயே வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியேறும். கொல்கத்தாவின் மழைக்கால ஈரத்தில் ஒரு டின் சோனா மூங் சில மாதங்களில் மாவாகிவிடும். இதற்கு உறுதியான எதிர்ப்பு முதலில் கிடைத்தது மடகாஸ்கரிலிருந்து வந்த டி.சி. 1966 என்ற சப்லொபேட்டா மாதிரியில். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-களில் அதை விவரித்து, எதிர்ப்பு பெரும்பாலும் ஒரே ஓங்கு மரபணுவால் வருவதாகக் காட்டினார்கள். ரைஸ்பீனிலும் வண்டு வளர்வதில்லை. புழுவைக் கொல்லும் பொருள் மனிதருக்குக் கெடுதி செய்யுமா என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. வண்டு எதிர்ப்பு ரகங்கள் உணவுச் சோதனையைத் தாண்டாமல் வயலுக்கு வரக்கூடாது. இதில் அவசரம் காட்டாததே சரி.

காட்டிலிருந்து ஒரு மரபணுவை எடுக்கும்போது நாற்றின் வேரோடு சேறும் வருவதுபோல அதன் அக்கம்பக்கத்து மரபணுக்களும் வந்துவிடுகின்றன. எதிர்ப்போடு காய் வெடிப்பும் சிறு விதையும் கருத்த தோலும் கசப்பும் தொற்றிக்கொள்ளும். அதனால் முதல் கலப்பின் வாரிசைப் பயிர் ரகத்தோடு மீண்டும் கலந்து, அதன் வாரிசை மறுபடியும் கலந்து, ஐந்தாறு முறை பிற்கலப்பு செய்து, வேண்டிய துண்டு மட்டும் மிஞ்சும்வரை போகவேண்டும். டி.என்.ஏ. அடையாளங்கள் வந்த பிறகு இந்த வேலையின் காலம் சுருங்கியது. ஆனாலும் கலப்பிலிருந்து உழவர் கைக்கு விதை சேரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆவது வழக்கம். காட்டினம் என்றாலே அரிய மரபணுக்களின் சுரங்கம் என்று எழுதுபவர்கள், அதில் பெரும்பகுதி பயிருக்கு வேண்டாதது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

துவரையில் காட்டினம் தந்தது இன்னும் வியப்பானது. அது எதிர்ப்பைத் தரும் முன்னே மலட்டுத்தன்மையைத் தந்தது. வீரிய ஒட்டுவிதை உண்டாக்க ஒரு பெற்றோரின் ஆண் உறுப்பு மலடாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பூவிலும் மகரந்தப்பையைக் கையால் அகற்றவேண்டும். பருப்புக்குக் கிடைக்கும் விலையில் அது கட்டுப்படியாகாது. செல்லின் சைட்டோபிளாசம் தாயிடமிருந்தே வருகிறது. ஆகவே காட்டினத்தைத் தாயாக வைத்துத் துவரையைத் தந்தையாகக் கொண்டு திரும்பத் திரும்பக் கலந்தால், கடைசியில் உட்கரு துவரையுடையதாகவும் சைட்டோபிளாசம் காட்டினத்துடையதாகவும் ஆகும். இரண்டும் ஒத்துப்போகாததால் மகரந்தம் உருவாகாது, சூலகம் மட்டும் நலமாக இருக்கும். சாலையோரக் கொடியான கஜானஸ் ஸ்காரபியாய்டிஸின் சைட்டோபிளாசத்தை வைத்துக் குஜராத்தில் ஜி.டி.எச். 1 என்ற ஒட்டுரகம் 2004-ல் வந்தது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் கே. பி. சக்சேனா குழுவினர், ஹைன்ஸ் பெயரிட்ட அதே கஜானிஃபோலியஸின் சைட்டோபிளாசத்தைக் கொண்டு ஐ.சி.பி.எச். 2671-ஐ உருவாக்கினார்கள். 2010-ல் மத்தியப் பிரதேசத்தில் அது வெளியிடப்பட்டது. உழவர் வயல் சோதனைகளில் மாருதி என்ற நிலைபெற்ற ரகத்தைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக விளைந்தது.

விதை உற்பத்தியில் தேனீக்கள் மகரந்தத்தைச் சுமக்கின்றன. மலட்டு வரிசைகளையும் மகரந்தம் தரும் வரிசைகளையும் அடுத்தடுத்து நட்டு, சுற்றிலும் வேறு துவரை இல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஊரெங்கும் துவரை இருக்கும் பகுதியில் அந்தத் தனிமை கிடைப்பது கடினம். ஆண்டுதோறும் விதை வாங்கவேண்டும் என்பது சிறு உழவருக்குச் சுமை. இந்த இரண்டு காரணங்களாலும் ஒட்டுத்துவரை எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை.

துவரையின் பெரிய எதிரி பச்சைக் காய்ப்புழு. ஸ்காரபியாய்டிஸின் காயில் அடர்ந்த மயிர்கள் இருக்கின்றன; முட்டையிலிருந்து வெளிவரும் சின்னஞ்சிறு புழுவால் அவற்றைத் தாண்டிக் காயின் தோலை எட்ட முடிவதில்லை. துவரையின் காயிலோ புழுவைக் கவரும் பசைமயிர்கள் உண்டு. காட்டுச் செடியின் மயிரைத் துவரைக்கு மாற்றும் முயற்சி நீண்டகாலமாக நடக்கிறது. முழு எதிர்ப்புள்ள ரகம் இன்னும் கைக்கு வரவில்லை. மூன்றாம் வளையத்தைச் சேர்ந்த கஜானஸ் பிளாட்டிகார்பஸோடு கலப்பு இயல்பாக நிற்பதே இல்லை. காய்க்குள் கரு இறந்துவிடும். அது இறக்கும் முன் வெளியே எடுத்து ஊட்டக்கூழில் வளர்த்துத்தான் இக்ரிசாட்டில் அந்தக் கலப்பைச் சாதித்தார்கள்.

வங்காளத்தின் தென்கோடியில் வேறு வகைச் சிக்கல். 2009 மே மாதம் அய்லா புயலும் 2020 மே மாதம் அம்பன் புயலும் சுந்தரவனத்தின் மண்கரைகளை உடைத்து வயல்களில் கடல்நீரைப் பாய்ச்சின. கானிங் நகரில் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இயங்குவது இத்தகைய நிலத்துக்காகவே. மழைக்காலத்தில் நெல் விளையும். கோடையில் உப்பு மேலேறும்போது பாசிப்பயறு கருகும். ஆனால் இதே பேரினத்தில் கடற்கரை மணலிலேயே படரும் விக்னா மரினா இருக்கிறது. சுக்குபாவில் உள்ள ஜப்பானிய மரபணு வங்கியினர் காட்டு விக்னாக்களை உப்புநீரில் வளர்த்துப் பார்த்தபோது, சில இனங்கள் உப்பை வேரோடு நிறுத்துவதையும், சில இலைவரை ஏற்றிக்கொண்டும் வாடாமல் இருப்பதையும் கண்டார்கள். மரினா பாசிப்பயறோடு கலக்கும் அளவுக்கு நெருங்கிய உறவு அல்ல.

கலக்க முடியாத இடத்தில் அந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறு பாதையைப் பிடித்தார்கள்: பயிருக்குள் காட்டுக் குணத்தைக் கொண்டுவருவதற்குப் பதில் காட்டுச்செடியையே பயிராக்குவது. அதற்குத் தேர்ந்தவற்றில் ஒன்று, தமிழகத்தில் மின்னிப்பயறு என்று பதிவாகியுள்ள விக்னா ஸ்டிபுலேசியா. வேதிப்பொருளால் திடீர்மாற்றம் உண்டாக்கி, காய் வெடிக்காத செடிகளையும் உடனே முளைக்கும் விதைகளையும் பொறுக்கினார்கள். ஆயிரம் ஆண்டுப் பொறுக்கலைச் சில ஆண்டுகளில் திரும்பச் செய்துபார்க்கும் வேலை அது.

மேற்கு வங்கம் அதிகம் உண்ணும் மசூரின் காட்டு உறவுகள் இந்தியாவில் இல்லை. மேற்கு ஆசியாவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் உள்ளன. பனியும் ஈரமும் சேரும் மாதங்களில் மசூரைக் கருக்கும் ஸ்டெம்ஃபிலியம் கருகலுக்கு எதிர்ப்பு லென்ஸ் எர்வாய்டிஸ் என்ற காட்டினத்தில் இருக்கிறது. கேசரிப் பருப்பின் நிலையும் ஒத்ததே. வறட்சியையும் நீர்தேக்கத்தையும் தாங்கும் அந்தப் பயிரை நீண்டகாலம் முதன்மை உணவாக உண்டால் கால் முடங்கும் அபாயம் உண்டு என்பதால் 1961-ல் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. மேற்கு வங்கம் உள்ளிட்ட சில மாநிலங்கள் தடையை ஏற்கவில்லை. நச்சுப்பொருள் குறைந்த லத்தைரஸ் சிசெராவோடு அதைக் கலக்கமுடியும். ஆனால் இத்தகைய விதைகளுக்கு இந்தியா வெளிநாடுகளை நம்பவேண்டும். பன்னாட்டுத் தாவர மரபுவள ஒப்பந்தத்தின் பகிர்வுப் பட்டியலில் துவரை, கொண்டைக்கடலை, மசூர், விக்னா, கேசரி அனைத்தும் இருப்பது இந்த வகையில் நல்லது. சிரியாவில் போர் மூண்டபோது அலெப்போ அருகே இருந்த இக்கார்டா என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையத்தின் மரபணு வங்கியை இயக்க முடியாமல் போனது. நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்தில் வைத்திருந்த நகல்களை 2015-ல் எடுத்து மொராக்கோவிலும் லெபனானிலும் மீண்டும் விதைத்தார்கள்.

இந்தியாவில் காட்டுப் பயறு விதை சேகரிப்பு டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் பொறுப்பு. சேகரிப்பதே சிரமமான வேலை. காய் முற்றும்வரை காத்திருந்தால் வெடித்துச் சிதறிவிடும். முந்திப் பறித்தால் விதை முளைக்காது. ஒரே கொடியில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருப்பதால் அதே இடத்துக்குப் பலமுறை போகவேண்டியிருக்கும். சாலை அகலப்படுத்தும்போதும் புதர்க்காட்டை வெட்டி நடவுக்காடு ஆக்கும்போதும் முதலில் போவது இந்தக் கொடிகள்தான். புலியோ யானையோ இல்லாத தரிசுக்குப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. 2002-ம் ஆண்டு உயிரிப்பல்வகைமைச் சட்டம் பாரம்பரியச் சிறப்புள்ள இடங்களை மாநில அரசுகள் அறிவிக்க வழிசெய்கிறது. பயறுகளின் காட்டு உறவுகள் வாழும் இடங்களுக்கு அந்தப் பிரிவைப் பயன்படுத்த வேண்டும். மரபணு வங்கியின் குளிர்பெட்டியில் வைத்த விதை உயிரோடு இருந்தாலும், புதிய நோய்களோடு மோதி மாறிக்கொண்டே இருப்பது நிலத்தில் வளரும் செடி மட்டுமே.